தஸ்லிமா கட்டிய பூ

கோவில்பட்டியில் எந்தக் கடைக்காரரிடமும் தஸ்லிமா பேரம் பேசி ஜெயித்ததில்லை. காய்கறிக்காரம்மா சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, கொசுறு கறிவேப்பிலையைக்கூடக் கேட்க மறந்து வீட்டுக்கு வருகிற ரகம். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், மூச்சுத் திணறுகிற பிள்ளையை உள்ளே கொடுத்துவிட்டு வெளியே நடுங்கிக்கொண்டு நிற்கிற தாய் தகப்பனிடம் பேசி, அந்தப் பிள்ளையை ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கச் சம்மதம் வாங்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் ஆராய்ச்சி நர்ஸ். அப்படியென்றால் ஊசி போடத் தெரியாத நர்ஸ் என்று அவளுடைய மகன் ஹம்தான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

ஐப்பசி மழை விழுந்து கரிசல் மண் செருப்பில் அப்பத் தொடங்கியதும் சளிப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடும். பெரியவர்களுக்கு இரண்டு தும்மலோடு போகிற கிருமி, ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்களை அடைத்து மூச்சை முட்ட வைத்துவிடும். அப்படி வருகிற பிள்ளைக்குக் காற்று கொடுக்க இரண்டு வழி உண்டு. மூக்கில் குழாய் வைத்து, ஈரமும் சூடும் கலந்த காற்றை வேகமாக அனுப்புவது ஒன்று. குழாயின் மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் முக்கி, குமிழி விட விட நெஞ்சுக்குள் காற்றை நிறுத்திப் பிடிப்பது இன்னொன்று. வார்டில் முதலாவதை வேகக்காற்று என்றும் இரண்டாவதைக் குமிழி என்றும் சொல்வார்கள். இரண்டும் நல்லவைதான். எதை முதலில் வைத்தால் பிள்ளை சீக்கிரம் தேறும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாலைந்து ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இந்த ஆராய்ச்சியை நடத்தின. பாதிப் பிள்ளைகளுக்கு அது, பாதிப் பிள்ளைகளுக்கு இது. யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. ஒட்டி வைத்த கவரைப் பிரிக்க வேண்டும், உள்ளே எழுதியிருப்பதை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானைப் புரியவைப்பதற்குள் ஆரம்பத்தில் தஸ்லிமாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆராய்ச்சி என்றதும், "எம் பிள்ள என்ன எலியா?" என்று ஒரு தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். கவருக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது என்றால், "அப்ப டாக்டர் பாக்க மாட்டாவளா?" என்று ஒரு தாய் அழத் தொடங்கினாள். குலுக்கல் என்றால் எல்லாருக்கும் ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. சீட்டு என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்தக் குடும்பத்தின் தெருவில் அப்போதுதான் சீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போயிருந்தார். நல்லதுக்குப் பேசப் போய் அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆனதுதான் மிச்சம்.

அப்படி ஒரு நாள் வேறொரு குடும்பத்திடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டு நின்றபோது, பூக்கட்டிப் பார்க்கிற கதை தானாக வாயில் வந்து விழுந்தது. தஸ்லிமா தொழுகை தவறாதவள். ஆனால் பிறந்து வளர்ந்தது கழுகுமலையில், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்ததெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"எலைக்குள்ள எந்தப் பூ இருக்குன்னு பூசாரிக்குத் தெரியுமா? தெரியாதுல்லா. அதே மாதிரிதான் இந்தக் கவரும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்றாள்.

அந்தக் குடும்பத்துக்குச் சட்டென்று முகம் தெளிந்தது. இவ்வளவுதானா, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று பேனாவைக் கேட்டார்கள். அன்றிலிருந்து தஸ்லிமாவுக்கு ஏறுமுகம். தலைமை டாக்டர் கோபாலசாமி மதுரையில் நடந்த கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் தெலுங்கு, வார்டில் கோவில்பட்டித் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ் என்று மூன்று மொழி பேசுகிற மனிதர் அவர். தஸ்லிமாவைப் பற்றிப் பேசும்போது மூன்றையும் கலந்து பாராட்டினார். அவளுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. இல்லை என்று யார் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை காலை இடைசெவல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தவசியும் இசக்கிச்செல்வியும் எட்டு மாதப் பிள்ளை ஹரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தவசி மக்காச்சோளக் காட்டுக்கு மருந்தடிக்கக் கிளம்பியவன், அதே சேற்றுக்காலோடு பைக்கில் வந்திருந்தான். பிள்ளைக்கு மூச்சு இளைத்தது. பால் குடிக்க வாய் வைக்கும், மூச்சுக்காக வாயை எடுக்கும், பிறகு பசியில் அழும். இசக்கிச்செல்வி தலைகூட வாரியிருக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதைக் கேட்காமலே மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்து, காற்று வைக்க வேண்டும் என்று சொன்னதும் தஸ்லிமா அவர்களை உட்கார வைத்துப் பேசினாள். ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் வைத்தியம் குறையாது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், பிள்ளைக்குத் தேவைப்பட்டால் டாக்டர் முறையை மாற்றிவிடுவார் என்று எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். ஒரு வரி விடவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கண் உள்ளே இருந்த பிள்ளைமேல் இருந்தது.

"யக்கா, ஒங்க பிள்ளையா இருந்தா எத வைப்பிய?" என்று இசக்கிச்செல்வி இடையில் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது என்பது தஸ்லிமாவுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆராய்ச்சி நர்ஸ் தன் சாய்வைக் காட்டினால் சம்மதம் சம்மதமாக இருக்காது. எனக்குத் தெரியாது தாயி என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. அவள் சிரித்துக்கொண்டே பூக்கதைக்குத் தாவினாள்.

இசக்கிச்செல்வியின் முகம் தெளிந்தது. கவரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தவசி சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அதன் மூலையில் ஒரு தீற்றுத் தீற்றினான். கவரில் திருநீறு பட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடாது என்று தஸ்லிமா பேசாமல் இருந்தாள். பிள்ளையின் விரல் கவரில் பட வேண்டும் என்றார்கள். அதற்கும் சரி என்று உள்ளே கொண்டுபோய்த் தொடவைத்தாள். சின்ன விரல் அந்தத் தாளைப் பிடித்து இழுத்ததைப் பார்த்து அவளுக்கே மனசு இளகிவிட்டது. பிரித்தபோது வேகக்காற்று என்று வந்தது.

"சாமி சொல்லிருச்சு" என்றாள் இசக்கிச்செல்வி. தஸ்லிமா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். வினை அந்தத் தலையாட்டலில்தான் தொடங்கியது.

மத்தியானம் வரைக்கும் ஹரி சமாளித்தான். அம்மா மடியிலேயே உட்காரவைத்துக் குழாய் போட்டிருந்தார்கள். அவள் நெஞ்சில் சாய்ந்தபடி கொஞ்சம் தூங்கினான்கூட. மத்தியானத்துக்கு மேல் விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழத் தொடங்கியது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. காற்றின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பிள்ளை அழுவதை நிறுத்தினான். அழுகை நின்றதும் இசக்கிச்செல்விக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் கோபாலசாமிக்கு அது பிடிக்கவில்லை. அழத் தெம்பில்லாத பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"குமிழிக்கு மாத்திருவோம். பிள்ளையக் கட்டில்ல போடும்மா" என்றார்.

இசக்கிச்செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "வேண்டாம் சார். சாமி எடுத்துக் குடுத்தத மாத்தப்பிடாது."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தச் சாமிம்மா?"

"கவர் பிரிச்சோம்லா சார். இதான் வந்துச்சு. எங்க நாத்தனாளுக்குப் பூக்கட்டிப் பாத்தப்ப செவப்பு வந்துச்சு. மாப்பிள்ளைக்கு நல்ல வேலைன்னு எங்க மாமனார் கேக்காம முடிச்சாரு. ரெண்டாம் வருசம் அந்த அண்ணன் லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. நா எம் பிள்ளைக்கு அப்படிச் செய்ய மாட்டேன்."

தவசி வாசலில் நின்றான். அவனுக்கு மாற்றிவிடலாம் என்றும் இருந்தது, மாற்றினால் குற்றமாகிவிடுமோ என்றும் இருந்தது. பெண்டாட்டியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

டாக்டர் மெதுவாகத் திரும்பித் தஸ்லிமாவைப் பார்த்தார். இங்கிலீஷ் வரப்போகிறது என்று அவள் பயந்தாள். வரவில்லை.

"நீ கட்டுன பூ, தஸ்லிமா. நீயே அவுத்து விடு. வெரசா" என்றார். குமிழிப் பாட்டிலைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

தஸ்லிமா எண்ணிப் பார்த்தாள். எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். அத்தனை பேரும் என்ன நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்? கைதட்டு வாங்கிய கதை இப்போது ஒரு பிள்ளையின் நெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"செல்வி, இங்கன பாரு. அந்தக் கவர்ல சாமி இல்ல."

"நீங்கதானக்கா சொன்னிய?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். கோயில்ல எதுக்குப் பூப் போடுதிய? சாமிக்குத் தெரியும், அது சொல்லும்னு போடுதிய. இங்க அப்படி இல்ல. யாருக்கும் தெரியாததுனாலதான் கவர் பிரிக்கோம். தெரிஞ்சிருந்தா கவரே வேண்டாமே, நல்லத நேரே வச்சிருப்போம்லா."

இசக்கிச்செல்வி அவளை வெறித்துப் பார்த்தாள். பயம் போய், அந்த இடத்தில் கோபம் வந்தது. "ஒண்ணும் தெரியாமத்தான் எம் பிள்ளைக்கு இத வச்சியளா?"

"ரெண்டும் நல்லதுன்னு தெரியும். எது கூட நல்லதுன்னு தெரியாது. காலையில நீ கேட்டப்பவே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருக்கணும். வாய் வரல. சிரிச்சு மழுப்பிட்டேன்."

இதைச் சொல்லும்போது வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் இந்தப் பெண் தன்னை நம்ப மாட்டாள், நம்ப வேண்டிய அவசியமும் இல்லை என்று தஸ்லிமாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பிள்ளை இருந்தானே. அவள் கையை நீட்டி ஹரியின் சட்டையை உயர்த்தினாள்.

"என்னையப் பாக்காத. பிள்ளையோட நெஞ்சப் பாரு. காலையில தெரியாது, இப்பத் தெரியுது. அவனுக்கு இந்தக் காத்துப் பத்தல. அவன் நெஞ்சே சொல்லுது பாரு."

இசக்கிச்செல்வி குனிந்து பார்த்தாள். விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. பெற்றவளுக்கு அதைவிட விளக்கம் தேவையில்லை. இருந்தும் கேட்டாள், காலையில் கேட்ட அதே கேள்வியை.

"ஒங்க பிள்ளையா இருந்தா?"

"இந்நேரம் மாத்திருப்பேன்" என்றாள் தஸ்லிமா. இது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. இதற்குப் பதில் சொல்ல எந்தப் பயிற்சியும் தடை போடவில்லை.

பிள்ளை கை மாறியது. பாட்டிலில் தண்ணீர் குளுகுளுவென்று கொதிப்பதுபோலச் சத்தமிடத் தொடங்கியது. இசக்கிச்செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். தஸ்லிமாவும் நின்றாள். அவளுடைய வேலை நேரம் முடிந்திருந்தது, ஹம்தானைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வீட்டுக்காரர் அஸ்லமுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தக் குழி ஆழம் குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹரி முகத்தைச் சுருக்கி, மூக்குக் குழாயைப் பிடுங்கக் கையை ஓங்கி, வீறிட்டு அழுதான். டாக்டர் கோபாலசாமி சந்தோஷத்தில் தெலுங்கில் என்னவோ சொன்னார்.

தவசி தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாருக்கும் ஊற்றினான். இசக்கிச்செல்வி தன் டம்ளரை வாங்கி, தஸ்லிமாவின் கையில் திணித்தாள். தஸ்லிமாவுக்கு அதுவே தாங்க முடியவில்லை. டீ சூடாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் டாக்டரிடம் போய், இனிமேல் பூக்கதை சொல்லப்போவதில்லை என்றாள். தெரியாது என்றுதான் ஆரம்பிப்பேன் என்றாள். ஆள் குறையுமே என்று அவர் இழுத்தார். குறையட்டும் சார் என்றாள். குறையத்தான் செய்தது. டாக்டருக்கே தெரியாதா என்று சிலர் எழுந்து போனார்கள். சிலர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு அவள் முன்னைவிடக் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

வாரக்கடைசியில் ஹரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்ததே தவிர ஆள் பழைய ஆள்தான். தஸ்லிமாவின் அடையாள அட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். இசக்கிச்செல்வி பையைக் கட்டிவைத்துவிட்டு, ரொம்ப நேரமாக எதையோ கேட்க வந்து வந்து தயங்கினாள்.

"யக்கா, நாங்க நடுவுல மாத்துனதுல ஒங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சா?"

"கெடல செல்வி. ஒரு பிள்ளைக்கு மாத்த வேண்டியிருந்துச்சுங்கதையும் சேத்துத்தான் எழுதிருக்கோம். அதுவும் வேணும்லா. எல்லாப் பிள்ளைகளையும் சேத்துப் பாத்தாத்தான எது நல்லதுன்னு தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமாவது ஆகும்."

இசக்கிச்செல்வி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "தெரிஞ்ச பொறவு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

தஸ்லிமா சிரிக்கப் போனாள். இசக்கிச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"நெசமாத்தாங்க்கா சொல்லுதேன். தெரியாதுன்னு சொன்னிய. அன்னைக்குக் கோவம் வந்துச்சு, பொறவு மனசார ஏத்துக்கிட்டேன். ஆனா தெரிஞ்ச பொறவும் சொல்லாம இருந்தியன்னா, அத ஏத்துக்கிட மாட்டேன். எம் பிள்ளயும்லா அதுல இருக்கான்."

தவசி பைக்கைக் கிளப்பினான். அவர்கள் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் திரும்பும்வரை தஸ்லிமா ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று உறைத்தது. இதற்கு முன்பும் இங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. காய்ச்சல் முற்றி மயங்கி வருகிற பிள்ளைகளுக்குச் சலைன் தண்ணீரை வேகமாக ஏற்றுவதா, மெதுவாக ஏற்றுவதா என்று. அதற்கும் வராந்தாவில் நின்று கெஞ்சிக் கேட்டுச் சம்மதம் வாங்கியவள் அவள்தான். அது முடிந்து, முடிவு வெளியாகி, வார்டில் கேக் கூட வெட்டினார்கள். உலகத்து டாக்டர்களுக்கெல்லாம் சொன்னார்கள்.

அவள் நேராகக் கோபாலசாமியின் அறைக்குப் போனாள்.

"சார், போன ஆராய்ச்சியோட முடிவ அந்தப் பிள்ளையளோட அம்மாமாருக்கு நாம சொன்னமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யோசித்தார். "யாரும் கேட்டதில்லையேம்மா."

"இன்னைக்கு ஒருத்தி கேட்டுட்டா சார்."

அம்மாமாரிடம் முடிவைச் சொல்ல எங்கே அனுமதி கேட்க வேண்டுமோ அங்கேயெல்லாம் அவரே எழுதிக் கேட்டார். அனுமதி வந்த அன்று மத்தியானம் தஸ்லிமா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பழைய ஆராய்ச்சியின் பட்டியலில் இருந்த முதல் நம்பரைப் போட்டாள். ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பேபி என்கிற தாய். அன்றைக்கு அவள் மகன் கண் திறக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று வராந்தாவில் படுத்துக் கிடந்தவள். போனை எடுத்தவள் பின்னால் ஒரு பையன் காது கிழியப் பாடிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து தஸ்லிமா பேசுதேன்" என்றாள். "ஏலே, பாட்ட நிறுத்து" என்று மகனை அதட்டிவிட்டு, பேபி பயந்த குரலில் கேட்டாள்: "என்னக்கா, திருப்பியும் எதுலயும் கையெழுத்துப் போடணுமா?"

"இல்ல பேபி, பயப்படாத" என்றாள் தஸ்லிமா. "இந்தத் தடவ ஒண்ணும் கேக்க வரல. சொல்லத்தான் கூப்பிட்டேன்."